கலைச்சுப் போடு, ஆனா எனக்குப் பிடிச்ச மாதிரி

நாயாற்றில் மீன்பிடிப் பருவத்துக்கு வாடி போட்டிருப்பவர்களின் மெமரி காட் எதை எடுத்துப் பார்த்தாலும் இரண்டு மொழியும் கலந்துதான் கிடக்கும். முல்லைத்தீவு ரவுனில் கொம்யூனிகேஷன் கடைப் பொடியன் காசு வாங்கிக்கொண்டு ஏற்றிவிட்ட தமிழ்ப் பாட்டு முந்நூறு. சிலாபத்திலிருந்து வந்த சிநேகிதன் சும்மா அனுப்பிவிட்ட சிங்களப் பாட்டு நூறு. வலை பொத்த இருக்கும்போது ஷஃபிளை அமத்திப் போனை மீன்பெட்டிக்கு மேலே வைத்துவிட்டால் அது தன்பாட்டில் பாடிக்கொண்டு கிடக்கும். அப்படி ஒரு பின்னேரம் நாலு சிங்களப் பாட்டு அடுத்தடுத்து வந்தது. நாலாவது பைலா தொடங்கின கையோடு பெரியவர் ஒருவர் வலையூசியைக் கண்ணியிலேயே குத்திவிட்டு நிமிர்ந்தார்.

"பாத்தியளே, போனுக்குள்ளயும் குடியேத்தத் தொடங்கீட்டாங்கள்."

எல்லாரும் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை.

கணக்குப் பார்த்தால் பெரியவருக்குத் தோல்விதான். நானூறு பாட்டில் நூறு சிங்களம் என்றால், எங்கே தொட்டாலும் அடுத்த நாலும் சிங்களமாக இருக்க வாய்ப்பு ஏறக்குறைய 270இல் ஒன்று. கேட்கச் சின்னத் தொகைதான். ஆனால் நானூறும் ஓடி முடிவதற்குள் அந்த வாய்ப்பு நானூறு தடவை கதவைத் தட்டுகிறது. சராசரியாக ஒரு தடவை உள்ளே வந்துவிடும். நாலு தமிழ்ப் பாட்டு தொடர்ந்து வருவதோ தொட்ட இடமெல்லாம் நடக்கிற காரியம், மூன்றுக்கு ஒன்று என்ற கணக்கில். அதை வாடியில் ஒருத்தரும் எண்ணவில்லை. தமிழ் நாலு வந்தால் அது பாட்டு, சிங்களம் நாலு வந்தால் அது அரச திட்டம். எதிர்வாடியில் இருந்த சிலாபத்தாரைக் கேட்டிருந்தால், போன் தனிநாடு கேட்கிறது என்று சொல்லியிருப்பார்.

காணி விஷயத்தில் பெரியவரின் சந்தேகம் வேறு சாதி என்பதையும் சொல்லிவிட வேண்டும். மணலாறு 1988இல் வெலிஓயா என்ற சிங்களப் பெயருக்கு மாறியது யாரோ தவறுதலாகப் பொத்தானை அமத்தியதால் அல்ல. அதற்கு வர்த்தமானி இருக்கிறது. 1984 கடைசியில் கொக்கிளாய், கொக்குத்தொடுவாய்ச் சனம் சட்டி பானையையும் விட்டுவிட்டு எழும்பி ஓடியதும் தற்செயல் அல்ல. திட்டத்தைத் தோளில் சுமந்தவனிடம் தற்செயலைக் கொண்டுபோய்க் காட்டினால் அவன் அதையும் திருப்பித் திருப்பிப் பார்க்கத்தான் செய்வான். ஆனால் பாவம், போனுக்கு வர்த்தமானி வாசிக்கத் தெரியாது.

'நல்லாக் கலைக்கேல்லை' என்ற இந்தக் குற்றச்சாட்டு போனோடு பிறந்தது இல்லை. 304 சீட்டு விளையாடுகிற எந்தத் திண்ணையிலும் தோற்றவன் வாயில் முதலில் வருவது இதுதான். அதற்கும் முந்திய வழக்கு ஒன்று கல்லிலேயே வெட்டிக் கிடக்கிறது. காஞ்சிபுரத்துக்குப் பக்கத்து உத்திரமேரூரில், வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில், முதலாம் பராந்தக சோழன் காலத்தில் வெட்டின இரண்டு சாசனங்கள். ஒன்று 919இல், மற்றது 921இல். பள்ளிக்கூடத்தில் 'குடவோலை முறை' என்று ஐந்து மார்க்குக்குப் பாடமாக்கினது இதைத்தான். டில்லியில் புதுப் பாராளுமன்றத்துக்கு அடிக்கல் நாட்டியபோது மோடிகூட இந்தக் கல்லை எடுத்துப் பேசினார். எல்லாரும் அதில் சனநாயகத்தைக் கண்டார்கள். எனக்குத் தெரிவது ஒரு ஷஃபிள் பொத்தானும், அதை அமத்துகிறவனை ஒருத்தரும் நம்பாத ஒரு ஊரும்.

ஊர்க் காரியம் பார்க்கிற வாரியங்களுக்கு ஆள் எடுக்கிற நடைமுறையைப் பாருங்கள். ஊர் முப்பது குடும்பாக, அதாவது வட்டாரமாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. ஒவ்வொரு குடும்பிலும் தகுதியுள்ளவர்களின் பெயரை ஓலை நறுக்கில் எழுதி, கட்டாகக் கட்டி, மேலே குடும்பின் பெயரை எழுதிய வாயோலையும் கட்டிக் குடத்தில் போட வேண்டும். சபை முழுக்கக் கூட வேண்டும், சின்னவர் பெரியவர் எல்லாரும். ஊரில் இருக்கிற கோயில் நம்பிமார் ஒருத்தர் விடாமல் வந்து மண்டபத்தில் குந்த வேண்டும். அதில் வயதில் மூத்தவர் எழும்பி, எல்லாரும் பார்க்கும்படி, மேலே நோக்கிக்கொண்டு குடத்தைத் தூக்கிக் காட்ட வேண்டும். பட்டப்பகலில் நடக்க வேண்டும். உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாத ஒரு சின்னப் பொடியன் ஒரு கட்டை எடுக்க, அதை வெறுங்குடம் ஒன்றில் கொட்டிக் குலுக்க, பொடியன் திரும்ப அதிலிருந்து ஒரு ஓலையை எடுத்து மத்தியஸ்தன் கையில் கொடுக்க வேண்டும். மத்தியஸ்தன் ஐந்து விரலையும் விரித்து உள்ளங்கையில் வாங்க வேண்டும். வாசிக்க வேண்டும். பிறகு அங்கிருக்கிற நம்பிமார் எல்லாரும் அதையே வாசிக்க வேண்டும்.

அந்த ஐந்து விரலில் கொஞ்சம் நில்லுங்கள். சும்மா இருக்கிற ஊரில் ஒருவனும் கல்தச்சனுக்குக் கூலி கொடுத்து 'விரலை விரி' என்று வெட்டுவிக்க மாட்டான். எங்கோ ஒரு மத்தியஸ்தன் மச்சானுடைய ஓலையை விரலிடுக்கில் செருகிக்கொண்டு வந்து, குடத்தில் இருந்து வந்ததை வேட்டிக்குள் தள்ளிவிட்டு, மச்சான் பெயரைக் கணீரென்று வாசித்திருக்க வேண்டும். அவன் பெயர் கல்லில் இல்லை. அவன் விரல்கள் இருக்கின்றன.

இனிக் குடத்துக்குள் யார் போகலாம்? இறை கட்டுகிற கால்வேலிக்கு மேற்பட்ட நிலம் வேண்டும், சொந்த மனையில் வீடு வேண்டும், வேதம் தெரிய வேண்டும். 919இல் வயது 30க்கு மேல் 60க்குள். இரண்டே வருஷம் கழித்து 35க்கு மேல் 70க்குள் என்று மாற்றிவிட்டார்கள். அறுபது தாண்டின சில பேர் அந்த இரண்டு வருஷமும் திண்ணையில் சும்மா இருக்கவில்லை என்று தெரிகிறது. முதல் முறை அரசன் அனுப்பின அதிகாரி தத்தனூர் மூவேந்த வேளான் பக்கத்தில் இருந்து ஒழுங்கு செய்தார், இரண்டாவது முறை சோமாசிப்பெருமான் வந்தார். இன்றைக்குப் போனில் 'புதிய பதிப்பு வந்திருக்கிறது, ஏற்றவா?' என்று கேட்கிற அதே கதைதான்.

விஷயம் அடுத்த விதியில் இருக்கிறது. கடந்த மூன்று வருஷத்துக்குள் வாரியத்தில் இருந்தவன் பெயர் குடத்துக்குள் போகக் கூடாது. இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாதவன் எந்தக் காலத்திலும் போகக் கூடாது. அவன் மட்டுமில்லை: அவனுடைய தாயின் தமக்கை தங்கை மக்கள், அத்தை மக்கள், மாமன், மாமன் மக்கள், தகப்பனுடன் பிறந்தவர், தன்னுடன் பிறந்தவர், பெண் கொடுத்த மாமனார், மனைவியின் சகோதரன், சகோதரியின் புருஷன், மருமகன், தகப்பன், மகன். கலியாண வீட்டுக்குச் சொல்ல வேண்டியவர்களின் பட்டியலைத் திருப்பிப் பிடித்த மாதிரி, ஒருத்தர் விடாமல்.

ஏன்? தற்செயலை அதன் போக்கில் விட்டால் போன வருஷம் ஏரி வாரியத்தில் இருந்தவனே இந்த வருஷமும் வருவான். வந்தால் ஊர் 'குடம் சரியில்லை' என்று கத்தும். குடம் சரியாகத்தான் இருந்திருக்கும். சரியான குடம் திரும்பவும் அவனையே எடுத்துத் தரக்கூடியது, அதுதான் தொல்லை. ஆகவே உத்திரமேரூரார் குலுக்குவதற்கு முன்பே குடத்தைத் திருத்தினார்கள். அண்மையில் பாடியவர் உடனே திரும்பப் பாடக் கூடாது. இதையே சுவீடனில் ஒரு கம்பனி 2014இல் பெரிய கண்டுபிடிப்பாக அறிவித்தது. அதற்குப் பிறகு வருகிறேன்.

பராந்தகனைப் பற்றி ஒரு வார்த்தை. பின்னாளில் 'மதுரையும் ஈழமும் கொண்ட' என்று பட்டம் போட்டுக்கொண்டவர். பாண்டியன் ஈழத்து அரசனிடம் அடைக்கலம் கொடுத்த முடியைத் தேடி இங்கே படை அனுப்பினார். ஈழத்து அரசன் முடியையும் தூக்கிக்கொண்டு உருகுணைக்கு ஓடிவிட்டான். தேடினது கிடைக்காமலே பட்டம் மட்டும் கிடைத்த முதல் ஆள் அவர் இல்லை, கடைசி ஆளும் இல்லை. முடியை எடுக்கப் படை அனுப்பினவர் குடத்தையாவது கொடுத்து அனுப்பியிருக்கலாம். எங்கள் பிரதேச சபைகளுக்கு உதவியிருக்கும்.

குடம் வராவிட்டாலும் சீட்டுக் குலுக்குவது எங்கள் கடற்கரைகளுக்குப் புதிதில்லை. நீர்கொழும்புக் களப்பின் வாய்க்கால்களில் தடி நட்டு வலை கட்டி, நீர் வற்றும்போது கடலுக்குப் போகிற இறாலை இரவில் பிடிக்கிற தொழில் ஒன்று உண்டு. எல்லா இடமும் ஒன்றில்லை. சில இடத்தில் இறால் கொட்டும், சில இடத்தில் சேறுதான் வரும். அதனால் சீட்டுப் போட்டு இடத்தைப் பிரிப்பார்கள். ஆனால் சீட்டோடு விட மாட்டார்கள். முறை வைத்து இடங்கள் கைமாறும். சீட்டு, தொடக்கத்தில் யார் எங்கே என்று சொல்லும். மிச்சத்தை முறை பார்த்துக்கொள்ளும். பழவேற்காட்டு ஏரியில் தமிழ்ப் பட்டினவர் வைத்திருக்கும் 'பாடு' முறையும் இதே குணம்தான். தற்செயல் வேறு, நியாயம் வேறு என்று இந்த ஆட்களுக்கு யாரும் வகுப்பு எடுக்கவில்லை. ஒரு வருஷம் முழுக்கச் சேற்றில் நிற்க வேண்டி வந்தால் தானாகவே புத்தி வரும்.

பாட்டுக்கு வருவோம். கரைவலை இழுக்கும்போது அம்பா பாடுவார்களே, அதை யாராலும் கலைக்க முடியாது. முன்னுக்குப் பாடுகிறவர் அடி எடுத்தால் மற்றவர்கள் ஏலேலோ பிடிக்க வேண்டும். எந்தப் பாட்டு எப்போது என்பதை வலையின் பாரம் சொல்லும். பின்னாளில் பல இடங்களில் வலையை ட்ரக்டர் வின்ச் இழுக்கத் தொடங்கியது. அதற்கு ஒரே பாட்டுத்தான் தெரியும், அதையும் புகையோடு பாடும்.

பிறகு வானொலி. 1950இல் இலங்கை வானொலியின் வர்த்தக சேவை தொடங்கி, எஸ். பி. மயில்வாகனத்தின் குரலுக்குத் தமிழ்நாடே காது நீட்டின காலம். 1967இல் அது ஒலிபரப்புக் கூட்டுத்தாபனமானது. கே. எஸ். ராஜா, பி. எச். அப்துல் ஹமீத் என்று குரல்கள் வந்துகொண்டே இருந்தன. நேயர் விருப்பம் என்றால் தபாலட்டை. ஒரு பாட்டைக் கேட்க ஒரு குடும்பமே கையொப்பம் வைக்கும்: அப்பா, அம்மா, அக்கா, அத்தான், பேரப்பிள்ளைகள், பக்கத்து வீட்டு மாமி. அறிவிப்பாளர் எல்லாப் பெயரையும் மூச்சு விடாமல் வாசித்து முடித்துத்தான் பாட்டுக்குப் போவார். எந்த அட்டை முதலில், எந்தப் பாட்டு அடுத்து, எல்லாம் அவர் கையில். இதைவிடப் பச்சையாக ஒரு மனிதன் வரிசையைத் தீர்மானிக்க முடியாது. ஆனாலும் ஒருத்தரும் 'நல்லாக் கலைக்கேல்லை' என்று சொன்னதாகத் தெரியவில்லை. தன் பெயர் ஆகாயத்தில் போனவன் வரிசையைப் பற்றிக் கவலைப்படுவானா?

கசற் வந்ததும் வரிசை விதியாகிவிட்டது. யாழ்ப்பாணத்து றெக்கோடிங் பாரில் பட்டியல் எழுதிக் கொடுத்து அறுபது நிமிட நாடாவில் பதிவித்துக்கொண்டு வந்தால், அந்த வரிசைதான் சாகும்வரை. இன்றைக்கும் எங்கள் வயதுக்காரர் ஒரு பாட்டு முடிகிற இடத்தில் வாயைத் திறந்து அடுத்ததைத் தொடங்கிவிடுவார்கள், அங்கே வருவது வேறு பாட்டாக இருந்தாலும்.

1990 ஆனியில் சண்டை திரும்பத் தொடங்க, வடக்குக்குப் பொருளாதாரத் தடை வந்தது. தடைப் பட்டியலில் பற்றரியும் இருந்தது. கண்ணிவெடிக்கு உதவும் என்பது கொழும்பின் கணக்கு. அதற்குள் எங்கள் பி. சுசீலாவும் அகப்பட்டுக்கொண்டார். மின்சாரம் ஏற்கெனவே போய்விட்டது. சனம் என்ன செய்தது? சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, டைனமோவைப் பின்ரயரில் சாய்த்து, வயரை ரேடியோவுக்கு இழுத்து, பெடலைக் கையால் சுற்றியது. செய்தி முடியும்வரை சுற்ற ஒருத்தர், பாட்டு முடியும்வரை சுற்ற ஒருத்தர். வீட்டில் யாருக்கு எந்தப் பாட்டுப் பிடிக்கும் என்பது ரகசியமாகவே இருக்க முடியாத காலம் அது: தனக்குப் பிடித்த பாட்டு வந்தால் கை தானாக வேகமெடுக்கும். ரேப்பில் கசற் போட்டுச் சுற்றினவர்களுக்கு இன்னொரு சோதனை. சுற்றுகிறவன் களைத்தால் மோட்டரும் களைக்கும், எஸ். ஜானகி கொஞ்சம் கொஞ்சமாக டி. எம். சௌந்தரராஜன் ஆகிவிடுவார். ஷஃபிள் என்ற யோசனையே அந்தக் காலத்தில் எடுபட்டிருக்காது. அடுத்து என்ன வரும் என்று தெரியாமல் யார் கை நோகச் சுற்றுவான்?

எங்களுக்கு இப்படி நடந்துகொண்டிருந்தபோது உலகத்தில் சீடி வந்து எட்டு வருஷம் ஆகியிருந்தது. 1982 ஒக்டோபரில் ஜப்பானில் சோனி விற்கத் தொடங்கின முதல் சீடி பெட்டிக்குப் பெயர் சிடிபி-101. நாடா என்றால் ஐந்தாவது பாட்டுக்குப் போக நாலையும் உருட்டித் தள்ள வேண்டும். தட்டில் லேசர் ஒரு எட்டு வைத்தால் ஐந்தில் நிற்கும். எங்கேயும் உடனே போகலாம் என்று வந்த பிறகுதான் 'எங்கேயாவது போ' என்று சொல்லும் பொத்தானுக்கு வேலை வந்தது.

பொத்தானுக்குள் இருந்த சூத்திரமோ அதைவிட மூத்தது, அது பிறந்ததும் பாட்டுக்காக இல்லை, பசளைக்காக. இங்கிலாந்தில் ரொதாம்ஸ்டெட் என்று ஒரு விவசாய ஆராய்ச்சி நிலையம். 1919இல், உத்திரமேரூர்க் கல்வெட்டுக்குச் சரியாக ஆயிரம் வருஷம் கழித்து, ரொனால்ட் ஃபிஷர் என்ற கணக்குக்காரர் அங்கே வேலைக்குச் சேர்ந்தார். எந்தப் பாத்திக்கு எந்தப் பசளை என்று மனிதன் கையால் பிரித்தால், நல்ல பாத்திக்கெல்லாம் தனக்குப் பிடித்த பசளையைப் போட்டுவிடுவான் என்பது அவர் கண்டது. (வன்னியில் மானியப் பசளை பிரித்ததைப் பார்த்திருந்தால் இதைக் காண அவருக்கு ஒரு போகம் போதும்.) ஆகவே பாத்திகளைக் குலுக்கிப் பிரியுங்கள் என்றார். எப்படிக் குலுக்குவது என்பதை அவரும் ஃபிராங்க் யேட்ஸும் 1938இல் ஒரு அட்டவணைப் புத்தகத்தில் எழுதிவைத்தார்கள். இதே ஃபிஷர்தான் வாயில் சுங்கானோடு, புகைத்தல்தான் புற்றுநோய்க்குக் காரணம் என்பது நிறுவப்படவில்லை என்று கடைசிவரை வாதாடினவர். பாத்தியில் பக்கச்சார்பைக் கண்டுபிடித்தவருக்கு வாயில் இருந்தது தெரியவில்லை.

அவர்கள் சொன்ன முறைக்கு ஒரு பென்சில் போதும். ஐந்து பாட்டை வரிசையாக எழுதுங்கள். ஒன்றிலிருந்து ஐந்துக்குள் ஒரு எண்ணைக் குருட்டுவாக்கில் எடுங்கள். மூன்று வந்தால் மூன்றாவது பாட்டை வெட்டிவிட்டுப் புதுத் தாளில் முதலாவதாக எழுதுங்கள். இனி வெட்டாமல் கிடப்பது நாலு. ஒன்றிலிருந்து நாலுக்குள் ஒரு எண். மறுபடி மூன்று வந்தால், வெட்டுப்படாதவற்றில் மூன்றாவதை எண்ணி எடுக்க வேண்டும். இப்படியே கடைசிப் பாட்டுவரை. எல்லாப் பாட்டும் ஒரு தடவை வரும், ஒன்றும் இரண்டு தடவை வராது, எந்த வரிசைக்கும் சலுகை கிடையாது. 1964இல் ரிச்சர்ட் டேர்ஸ்டன்ஃபெல்ட் என்பவர் இதைக் கணினிக்குச் சுருக்கிக் கொடுத்தார்: வெட்டவும் வேண்டாம், புதுத் தாளும் வேண்டாம், எடுத்ததைக் கடைசியில் கிடப்பதோடு இடம் மாற்று, அவ்வளவுதான். உங்கள் போனில் ஓடுவது பெரும்பாலும் இதுதான், அல்லது இதன் பேரப்பிள்ளை.

ஒரு சிக்கல் மிச்சம். 'குருட்டுவாக்கில் ஒரு எண்' என்றேனே, போனுக்குக் குருட்டுவாக்குத் தெரியாது. அது கூட்டல் பெருக்கல் மட்டும் படித்தது. ஆகவே ஒரு தொடக்க எண்ணை எடுத்து, அதைப் பெருக்கி, வெட்டி, திரும்பப் பெருக்கிப் பார்வைக்குக் குழம்பின எண்களாக ஒரு வரிசை தயாரிக்கும். தொடக்க எண்ணுக்கு 'விதை' என்று பெயர். பெரும்பாலும் அந்த நேரத்து மணிக்கூடுதான் விதை. ஒரே விதை போட்டால் ஒரே பயிர். நானூறு பாட்டை அடுக்கக்கூடிய விதங்களின் எண்ணிக்கையை எழுதினால் 869 இலக்கம் வரும். விதையோ பல கருவிகளில் 32 பிட். அதனால் முளைக்கக்கூடியது 429 கோடிச் சொச்சம் வரிசை மட்டுமே. மிச்சம் வரிசைகள் எல்லாம் பிறக்காமலே இருக்கும். நாயாற்றில் வலை பொத்துகிறவர்களுக்கு 429 கோடி போதும் என்றுதான் நினைக்கிறேன்.

இனி அமெரிக்கா. 2005 தையில் அப்பிள் கம்பனி ஐபாட் ஷஃபிள் என்று ஒரு சின்னக் குச்சியை விற்கத் தொடங்கியது. அதற்குத் திரையே கிடையாது. என்ன பாடுகிறது என்று பார்க்கவும் முடியாது, தேடவும் முடியாது. வாழ்க்கையே தற்செயல்தான் என்று விளம்பரம் வேறு. திரை வைக்கக் காசில்லாததைத் தத்துவமாக்கி 99 டொலருக்கு விற்க ஸ்டீவ் ஜொப்ஸுக்கு மட்டும்தான் முடியும். எங்கள் வாடியில் திரை உடைந்த போன்கள் எல்லாம் அந்தத் தத்துவத்தை ஒரு சதமும் வாங்காமல் செய்துகொண்டிருக்கின்றன.

விற்கத் தொடங்கினதோ இல்லையோ, அங்கேயும் எங்கள் வாடிப் பெரியவர் மாதிரி ஆட்கள் எழும்பிவிட்டார்கள். அதே மாதம் நியூஸ்வீக்கில் ஸ்டீவன் லெவி என்ற பத்திரிகையாளர், என் ஐபாட்டுக்கு ஸ்டீலி டான் குழுவில் ஒரு தனிப் பாசம் என்று எழுதினார். ஆயிரக்கணக்கான பாட்டுக்குள் அவர்களே திரும்பத் திரும்ப வருகிறார்களாம். வாசகர்களும் தங்கள் தங்கள் பெட்டியின் மேல் புகார் எழுதினார்கள். அப்பிள் எவ்வளவோ சொல்லிப் பார்த்தது, கலைப்பில் பிழை இல்லை என்று. யார் கேட்டார்கள்? அந்த வருஷம் புரட்டாதியில் ஜொப்ஸ் ஒரு புதுச் சாமானோடு மேடைக்கு வந்தார். ஒரே பாடகர் அடுத்தடுத்து வருவதைக் குறைக்க வேண்டுமானால் இந்தப் பிடியைத் தள்ளுங்கள் என்றார். தற்செயல் போலத் தெரிவதற்காகத் தற்செயலைக் குறைத்திருக்கிறோம் என்பதை ஒளிக்காமலே சொன்னார். சபை கைதட்டியது. லெவி அடுத்த வருஷம் ஐபாட்டைப் பற்றிப் புத்தகம் எழுதி, அதன் அத்தியாயங்களையும் பிரதிக்குப் பிரதி கலைத்துப்போட்டு அச்சடித்தார். முறைப்பாடு வைத்தவரே நோயைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்குப் போனார்.

சுவீடன் கம்பனி என்றேனே, அது ஸ்பொட்டிஃபை. முதலில் அவர்களும் ஃபிஷர்–யேட்ஸ்தான் ஓட்டினார்கள். சனம் விடவில்லை. 2014இல் முறையை மாற்றிவிட்டோம் என்று விளக்கம் எழுதினார்கள். ஒரு பாடகருக்கு ஐந்து பாட்டு இருந்தால், நூற்றில் இருபதுக்கு ஒன்றாகப் பட்டியல் முழுக்கப் பரப்பு. ஆனால் அச்சொட்டாக இருபது இருபதாக வைத்தால் தெரிந்துவிடும், அதனால் ஒவ்வொன்றையும் கொஞ்சம் முன்னே பின்னே தள்ளிவிடு. சுருக்கமாகச் சொன்னால், நம்பிமார் சாட்சியாக, வேதம் படித்தவர்கள் 1,095 வருஷத்துக்கு முன்பே கல்லில் எழுதிவிட்டார்கள். காப்புரிமை எடுக்கத்தான் மறந்துவிட்டார்கள்.

2021 கார்த்திகையில் அடேல் என்ற ஆங்கிலப் பாடகி, என் பாட்டுகளை நான் யோசித்துத்தான் வரிசைப்படுத்துகிறேன், அதைக் கலைக்காதே என்று கேட்க, ஸ்பொட்டிஃபை அல்பங்களின் முகப்பில் இருந்த ஷஃபிளைப் பின்னுக்குத் தள்ளியது. றெக்கோடிங் பாரில் பட்டியல் எழுதிக் கொடுத்த எங்கள் அண்ணைமாருக்கு அப்போது ஒருத்தரும் இப்படி மரியாதை தரவில்லை. கடைக்காரர் தனக்குப் பிடித்த பாட்டு ஒன்றை இடையில் செருகிவிட்டு, நாடா மிஞ்சினது தம்பி என்பார்.

கூட்டமாக வருவதைக் கண்டால் காரணம் தேடுகிற பழக்கத்துக்குப் பாட்டைவிடப் பாரமான உதாரணமும் உண்டு. 1944இல் ஜெர்மன்காரரின் பறக்கும் குண்டுகள் லண்டனில் விழுந்தபோது, சில பகுதியைத்தான் குறிவைக்கிறான் என்று சனம் பேசிக்கொண்டது. சண்டைக்குப் பிறகு, 1946இல், காப்புறுதிக் கணக்கர் கிளார்க் தென் லண்டனில் 144 சதுர கிலோமீட்டரை 576 கட்டமாகப் பிரித்து, 537 குண்டையும் எண்ணினார். குறியில்லாமல் விழுந்தால் ஏறக்குறைய 227 கட்டம் தப்ப வேண்டும் என்றது புவாசோன் என்ற பிரெஞ்சுக் கணிதக்காரரின் வாய்பாடு. தப்பியது 229. அதாவது லண்டனில் விழுந்தது ஷஃபிள். எங்கள் பக்கத்துக்கு அப்படி ஒரு கிளார்க் வரவில்லை. 2009இல் பாதுகாப்பு வலயம் என்று அறிவித்த இடத்துக்குள் விழுந்தவற்றைக் கட்டம் போட்டு எண்ணியிருந்தால் புவாசோன் வாய்பாட்டைச் சுருட்டிக்கொண்டு ஓடியிருப்பார்.

கடைசியாக ஒரு மினிபஸ். முல்லைத்தீவு–கொக்கிளாய் றோட்டில் ஓடினது, யாருடையது என்பது இங்கே தேவையில்லை. அதில் பூட்டியிருந்த மலிவுப் பெட்டிக்குப் பென் டிரைவ் செருகினால் பாடும், ஷஃபிள் பொத்தானும் உண்டு, மணிக்கூடு மட்டும் கிடையாது. மணிக்கூடு இல்லாததால் விதைக்கு நேரத்தை எடுக்க அதற்கு வழியில்லை, சாவியைத் திருப்புகிற ஒவ்வொரு தடவையும் ஒரே விதையைத்தான் போடும். டிரைவர் காலையில் முல்லைத்தீவில் ஸ்டார்ட் பண்ணி ஷஃபிளை அமத்துவார், பெட்டி வெகு கவனமாகக் கலைத்து நேற்றைய அதே வரிசையைப் பாடும். சனம் அதற்குப் பழகிவிட்டது. ஜேசுதாஸ் முதலாவது தடவை வந்தால் சிலாவத்தை. சித்ரா வந்தால் அளம்பில். ஜானகி வந்தால் செம்மலை, இறங்க ஆயத்தம். நாயாற்றுப் பாலத்தில் ஏறும்போது மலேசியா வாசுதேவன். தேர்ந்த கால அட்டவணை, ஒரு சதம் செலவில்லாமல்.

பிறகு டிரைவர் நல்ல பெட்டி ஒன்று வாங்கிப் பூட்டினார். மணிக்கூடு உள்ளது. கலைக்கத் தெரிந்தது. முதல் நாளே செம்மலை ஆச்சி ஒருவர் பாலம் தாண்டியும் சீற்றில் அசையாமல் இருந்தார், மடியில் உமல்.

"என்னணை ஆச்சி, செம்மலை போய் எவ்வளவு நேரம். இறங்கேல்லையே?" என்றான் கொண்டக்டர்.

"ஜானகி இன்னும் பாடேல்லை."

"அது புதுசணை. கலைச்சுக் கலைச்சுப் போடும்."

ஆச்சி உமலை இறுக்கிப் பிடித்துக்கொண்டு எழும்பினார். "கலைச்சது நீங்கள். திரும்பிப் போற காசு நான் தரமாட்டன்."